என் மேல் என் மகன் கட்டிய பிராது

விருத்தாசலம்,
ஞாயிறு, விளக்கு வைத்த பிறகு.

மரியாதைக்குரிய பெண்ணாடத்து அண்ணி கண்ணம்மாள் அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி அம்புஜவல்லி வணங்கி எழுதுவது. இங்கே இடது முழங்கால் ஒன்றைத் தவிர்த்து மற்றபடி நான் முழு நலம். அங்கே நீங்களும் அண்ணனும் கறவை மாடும் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பழமலைநாதரை வேண்டிக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் நாலு சொல்லிவிடுவீர்கள், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் மங்கலம்பேட்டையில் நடந்த காதுகுத்தில், பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "அம்புஜத்தோட புள்ளைங்க மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம வருவாங்க, விருந்தாளி மாதிரி ஒக்காந்து சாப்புடுவாங்க, ஏப்பம் வுட்டுட்டு காரு ஏறிடுவாங்க. அடுப்பங்கரைய எட்டிப் பாப்பாங்களா? ஒரு டம்ளரு கழுவி வெப்பாங்களா?" என்று நாலு இலை தள்ளி உட்கார்ந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னீர்கள். அப்போது என் வாயில் முழு ஜாங்கிரி இருந்தது. அதை விழுங்கி முடிப்பதற்குள் பந்தியே எழுந்துவிட்டது. அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். இன்று ஒரே நாளில் என் பிள்ளைகள் இந்த வீட்டில் செய்த வேலை உங்கள் தெருவில் யார் வீட்டிலும் நடந்திருக்காது. படித்து முடித்ததும் அந்தப் பந்தியில் இருந்தவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாக.

நேற்றுச் சாயங்காலமே எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். சென்னையிலிருந்து பெரியவன் பிரபாகரன், மருமகள் பாரதி, ஆறாவது படிக்கும் பேத்தி வெண்பா. புதுச்சேரியிலிருந்து மகள் அன்புக்கரசி, மாப்பிள்ளை குருமூர்த்தி, ஐந்து வயதுப் பேரன் இனியவன். ஒருத்தரும் வெறும் கையோடு வரவில்லை. பாரதி கொண்டுவந்த பழமும் காய்கறியும் பலகாரமும் ஃபிரிட்ஜில் அடங்காமல், நான் ஆட்டி வைத்திருந்த தோசை மாவுக் குண்டானை வெளியே எடுத்து அடுப்பங்கரை மேடைக்குக் கீழே வைக்கும்படி ஆயிற்று. அவ்வளவு பாசமுள்ள மருமகள். காலையில் நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் பிரபாகரன் கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு வைத்திருந்தான். "இன்னைக்கி நீ இதவுட்டு எழுந்திரிக்கவே கூடாதும்மா. காப்பி, டிபன், மதியச் சாப்பாடு எல்லாம் எங்க வேலை. அடுப்பங்கரைப் பக்கம் நீ வரவே கூடாது," என்றான். எனக்குக் காவலாக இனியவனைப் பிளாஸ்டிக் மட்டையோடு எதிரில் நிறுத்தினான். நான் சும்மா கால் மாற்றி உட்கார்ந்தாலே அந்தக் குழந்தை மட்டையை நீட்டி, "ஆயா, நீ அவுட்டு," என்றது. இப்படி ஒரு கவனிப்பு எந்த மாமியாருக்கு, எந்தத் தாயாருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

அண்ணி, இந்த இடத்தில் ஒரு உண்மையை உங்களிடம் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. நான் பீங்கான் யூனிட் வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். களிமண் தூசியால் இருமல் வந்து இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்ததிலிருந்து, இனிமேல் மண்ணைத் தொடவே கூடாது என்று பிள்ளைகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நானும் சரி சரி என்று தலையை ஆட்டினேன். ஆனால் நாலு மாதமாக, செராமிக் எஸ்டேட்டில் யூனிட் வைத்திருக்கும் நம்ம பக்கிரியிடம் பேசி, கொலுவில் வைக்கிற யானைப் பொம்மைகளை வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி அச்சில் ஊற்ற வேண்டும். இறுகியதும் அச்சைப் பிரித்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக் காய வைக்க வேண்டும். காய்ந்தது பக்கிரியின் சூளையில் வேகும். எல்லாம் ஈர வேலை, தூசிக்கே இடமில்லை. வருகிற வெள்ளிக்கிழமை சூளை ஏற்ற நூற்றிருபது யானைகள் காய்ந்துகொண்டிருந்தன.

பிள்ளைகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் ஒளித்தேன். கட்டிலுக்கு அடியில் பலகை போட்டு எண்பது யானை. பரண் மேல் இருபத்தைந்து. உங்கள் தம்பியின் இரும்புப் பெட்டியில் ஒன்பது. பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குப் பின்னால் ஆறு, பார்க்கிறவர்கள் அவருடைய உறவுக்காரர்கள் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று. அச்சுகளைப் பின்பக்கக் குளியலறையில் சாக்கு போட்டு மூடினேன். ஒரு குண்டான் நிறையக் கரைத்து வைத்த மண் மட்டும் மிச்சம் இருந்தது. இந்த வீட்டில் என்னைத் தவிர வேறு யாரும் எட்டிப் பார்க்காத இடம் எது என்று யோசித்து, அடுப்பங்கரை மேடைக்குக் கீழே தட்டுப் போட்டு மூடி வைத்தேன். காதுகுத்துப் பந்தியில் நீங்கள் சொன்னதை நம்பினேன் பாருங்கள், அதுதான் நான் செய்த ஒரே தப்பு.

மாப்பிள்ளை குருமூர்த்திதான் தோசை சுடுவேன் என்று முன்வந்தார். புதுச்சேரியில் அவர் எவ்வளவு பெரிய அதிகாரி, அவருக்குக் கீழே எத்தனை பேர் என்பதெல்லாம் நான் உங்களுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன், அதனால் இப்போது சொல்லவில்லை. அப்பேர்ப்பட்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றார். மேடைக்குக் கீழே இரண்டு குண்டான் இருந்தன, இரண்டும் எவர்சில்வர், இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. அவர் முன்னால் இருந்ததை எடுத்தார். எனக்குக் கூடத்தில் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "மாவு கொஞ்சம் கெட்டியா இருக்குது, தண்ணி ஊத்திக்கவா?" என்று அவர் கேட்க, "ரேஷன் அரிசியா இருக்கும், நல்லாக் கலக்குங்க," என்று அன்புக்கரசி சொன்னாள். அப்புறம் ஊற்றுகிற சத்தம். அப்புறம் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. "திரும்பவே மாட்டேங்குது, எண்ணெய் வுடு," என்றார். எண்ணெய் விட்டார்கள். "கலரு வெள்ளையாவே இருக்குதே, இது என்னா மாவு அத்த?" என்று பாரதி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். நான் நாற்காலியில் இருந்தபடியே, எந்தக் குண்டானைச் சொல்கிறாள் என்று தெரியாமல், "நல்ல மாவும்மா, ஒடம்புக்கு ரொம்ப நல்லது," என்று சொல்லிவிட்டேன்.

முதல் தோசை பிரபாகரனுக்கு. உங்கள் மருமகன் என்று சொல்லவில்லை, நான் பெற்ற பிள்ளை என்பதற்காகவும் சொல்லவில்லை, அவன் வளர்ந்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு துண்டைப் பிய்த்துச் சட்டினியில் தோய்த்து வாயில் போட்டான். நறநற என்று மென்றான். தங்கச்சி வீட்டுக்காரர் முதல் முதலாகச் சுட்ட தோசையில் குறை சொல்லக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். "எப்படி இருக்குது மச்சான்?" என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, "நல்லா மொறுமொறுன்னு இருக்குது மாப்ள," என்றான். தண்ணீர் மட்டும் இரண்டு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தான். இந்த மாதிரி மரியாதை தெரிந்த பிள்ளை உங்கள் பக்கத்தில் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இரண்டாவது தோசையைத் தட்டில் வைக்கும்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அண்ணி, முப்பத்தொரு வருடம் நான் யூனிட்டில் செக்கராக இருந்தவள். ஒரு நாளைக்கு ஆயிரம் கப்பு, ஜாடி, ஃபியூஸ் கட்டை என் கை வழியாகப் போகும். சின்னக் குச்சியால் தட்டிப் பார்ப்பேன். 'ணங்' என்று கேட்டால் நல்ல சரக்கு, சத்தம் உடைந்து கேட்டால் கீறல், 'டொக்' என்றால் வேகாத மண். தட்டில் அந்தத் தோசை விழுந்து 'டொக்' என்றதும் அவர் எடுத்தது எந்தக் குண்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இனியவன் மட்டையை நீட்டி அவுட்டு அவுட்டு என்று கத்த, நான் முழங்காலையும் மறந்து ஓடினேன். போய்ப் பார்த்தால் தோசைக்கல் மேல் மூன்றாவது தோசை வெடித்துக்கொண்டிருக்கிறது. வாயில் வந்தபடி, "அது வரகு மாவுப்பா, எல்லாருக்கும் ஒத்துக்காது, கீழ ஊத்திடுங்க," என்றேன். பொய்தான். ஆனால் மாப்பிள்ளை ரொம்ப நல்லவர், அப்படியே நம்பிவிட்டார்.

வெண்பா நம்பவில்லை. அவள் என் பேத்தி. நான் முகத்தைத் துடைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, நேராகப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறாள். "அப்பா, இங்க வந்து பாருங்க, ஆயா கட்டிலுக்கு அடியில நெறைய யானை இருக்குது," என்றாள். அதே நேரத்தில் அன்புக்கரசி குளிக்கப் போய் சாக்கைத் தூக்கிவிட்டு, "அம்மா, இதெல்லாம் என்னா?" என்று பின்பக்கத்திலிருந்து கேட்கிறாள். பாரதி திருநீறு எடுக்கப் பூஜை அலமாரியைத் திறந்து, "பிள்ளையாரு வூட்டுக்கு யாரோ வந்திருக்காங்க அத்த," என்கிறாள். ஒரு நிமிடத்தில் வீட்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் யானை. இந்தக் கலவரத்தில் இனியவனை யாரும் கவனிக்கவில்லை. அவன் ஒரு யானையை எடுத்துக்கொண்டு போய், கோயில் யானையைக் குளிப்பாட்டுகிற மாதிரி வாளித் தண்ணீரில் முக்கி வைத்திருக்கிறான். வேகாத மண் தண்ணீரில் நிற்குமா? சிறிது நேரத்தில், "ஆயா, யானை கால காணோம்," என்றான். அப்புறம், "தும்பிக்கையும் காணோம்," என்றான். கடைசியில் வாளி முழுக்க வெள்ளையாகி, குழந்தை தேம்பித் தேம்பி அழுதது. வெள்ளிக்கிழமை சூளையில் வெந்த பிறகுதான் யானை குளிக்கும் என்று அவனுக்கும் வெண்பாவுக்கும் சொல்லி, அவனைச் சமாதானப்படுத்த இன்னொரு யானையைக் கொடுத்தேன், அதையும் குளிப்பாட்டினான். சுத்தம் அவ்வளவு பிடிக்கும் அவனுக்கு.

பிரபாகரன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கட்டில் மேல் உட்கார்ந்து கையில் ஒரு யானையை வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினான். "அப்பா போனப்புறம் நீ விடியக்காலம் வேலைக்கு போவ, பொழுது சாஞ்சி வரும்போது தலைமுடியெல்லாம் வெள்ளையா இருக்கும். அம்மாவுக்கு அதுக்குள்ள நரைச்சிப் போச்சின்னு அன்பு அழுவா. அது நரை இல்ல, மண்ணுன்னு நான்தான் சொல்லுவேன். அன்னைக்கே முடிவு பண்ணேன், நான் சம்பாதிக்க ஆரம்பிச்சிட்டா எங்கம்மா தலையில மண்ணு படக்கூடாதுன்னு. இப்ப நீ எங்களையெல்லாம் ஏமாத்திட்டு கட்டிலுக்கு அடியில யானை வளக்குற," என்றான். அப்புறம், "பெண்ணாடத்து அத்தைக்குத் தெரிஞ்சா என்னா சொல்லுவாங்க? புள்ளைங்க சோறு போடாமத்தான் இந்த வயசுல பொம்மை செய்யுறான்னு பந்திக்குப் பந்தி சொல்ல மாட்டாங்களா?" என்றான். உங்கள் பெயரை எடுத்தது அவன்தான் அண்ணி, நான் இல்லை.

நான், "சும்மா பொழுது போவலடா," என்றேன். அவனிடம் சொல்ல முடியாததை உங்களிடம் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கும் சொல்ல வருகிறது. முப்பத்தொரு வருடம் அடுத்தவர்கள் செய்ததைத் தட்டித் தட்டிப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்துப் போட்டேன். இதோ, இந்தப் பக்கிரியின் ஜாடியையே எத்தனை ஒதுக்கியிருக்கிறேன், எவ்வளவு திட்டியிருப்பான். என் கையால் ஒரு கிண்ணம்கூட நான் செய்ததில்லை. இந்த யானை அப்படி இல்லை, முதல் யானையை மண்ணில் பிடித்தது நான், அதை வைத்துத்தான் பக்கிரி அச்சு எடுத்துக் கொடுத்தான். காது கொஞ்சம் பெரிசு, கண் கொஞ்சம் தூங்குகிற மாதிரி இருக்கும், ஆனால் அது நான் பிடித்த யானை. முதல் தடவை வெந்து வந்ததும் பக்கிரி அதைக் கையில் எடுத்துத் தட்டியதும் 'ணங்' என்று கேட்டது. "பரவால்லக்கா, பாஸு," என்றான். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தேன், பஸ்ஸில் ஏற வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்குச் சோற்றுக்குக் குறை ஒன்றும் இல்லை அண்ணி. எனக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, என் பிள்ளைகள் செய்த வேலைக்கு வருகிறேன். பிரபாகரனுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் இருந்த அத்தனை பாத்திரத்தையும் கழுவினான், அழுக்காக இல்லாததையும் கழுவினான். அதில் டம்ளர் மட்டும் பதினேழு, இதைக் காதுகுத்துப் பந்தியில் இருந்தவர்களுக்குச் சத்தமாகப் படிக்கவும். தோசைக்கல்லில் சுட்டுப்போன மண்ணை முக்கால் மணி நேரம் சுரண்டினான். குண்டானில் மிச்சமிருந்த கரைசலைக் கோபத்தில் சாக்கடையில் கொட்டினான். மண் சும்மா இருக்குமா, குழாயில் போய்ப் படிந்து அடைத்துக்கொண்டது. கொல்லையெல்லாம் வெள்ளைத் தண்ணீர். பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமி எட்டிப் பார்த்து, "இவ்ளோ பாலையா ஊத்திட்டீங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளையும் மச்சானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கில் கழியால் குத்தி, கம்பி விட்டு இழுத்து, பன்னிரண்டு மணி வெயிலில் சாக்கடையைச் சரி செய்தார்கள். நகராட்சியில் நான் இரண்டு வருடமாக எழுதிக் கொடுத்து நடக்காத வேலை. அந்தப் பக்கம் பாரதியும் அன்புக்கரசியும் காரக்குழம்பு வைத்தார்கள். இரண்டு பேரும் தனித்தனியாக உப்புப் போட்டுவிட்டார்கள், ஒருத்தரை ஒருத்தர் நம்பிச் சும்மா இருக்காத பொறுப்புணர்ச்சி. எல்லாரும் மோர் ஊற்றிச் சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடித்ததும் பிரபாகரன் கையைத் துடைத்துக்கொண்டு, "உன்கிட்ட பேசி ஆவாதும்மா. நான் கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டுறேன்," என்றான். நம் ஊரில் இதற்கு மேல் ஒரு கோர்ட்டு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததா? யார் மேல் என்ன குறை என்றாலும் மணவாளநல்லூர் போய்த் தாளில் எழுதி, கொளஞ்சியப்பர் பாதத்தில் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வந்தால் மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வந்துவிடும். நீங்களே மாடு காணாமல் போனபோது வந்து கட்டினீர்கள், மூன்றாம் நாள் கிடைத்தது. அது உங்கள் பக்கத்து வீட்டுத் தோட்டத்திலேயேதான் இருந்தது என்பது வேறு விஷயம். பெற்ற தாயார் மேல் பிராது கட்டுகிறானே என்று நினைக்காதீர்கள். சென்னையில் இத்தனை வருடம் இருந்தும், வக்கீலைத் தேடாமல், டாக்டரைத் தேடாமல், நேராக நம் சாமியிடம் போகத் தோன்றியதே, அது என் வளர்ப்பு.

ஏழு பேரும் ஒரே காரில் போனோம். இனியவன் என் மடியில், அவன் மடியில் ஒரு யானை. அதற்குத் தண்ணீர் காட்ட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். கோயிலில் பிரபாகரன் தாள் வாங்கினான். அவன் கையெழுத்து அவனுக்கே புரியாது என்பதால் வெண்பாவிடம் கொடுத்து, "ஆயா இனிமே மண்ண தொடக்கூடாதுன்னு தெளிவா எழுது, நான் தேங்காய் வாங்கிட்டு வரேன்," என்றான். வெண்பா பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள். மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, நிறைய எழுதினாள். நான் எட்டிப் பார்க்கப் போனேன். "எதிர்க்கட்சி பாக்கக் கூடாது அத்த," என்று பாரதி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நீயும் ஒன்று எழுதிக் கட்டு என்று அன்புக்கரசி ரகசியமாக எனக்கு ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன், எழுதவில்லை. பெற்ற பிள்ளை மேல் குறை எழுத எனக்குக் கை வரவில்லை அண்ணி. அப்படியே எழுதினாலும் என்னவென்று எழுதுவது, என் மகன் என் மேல் ரொம்பப் பாசமாக இருக்கிறான், அதைக் கொஞ்சம் குறைக்கவும் என்றா?

பிராதைக் கட்டி முடித்து வந்ததும் நான் அவன் கையைப் பிடித்து, "சாமிகிட்ட போயிட்ட இல்ல, தீர்ப்பு வர்ற வரைக்கும் நான் தொடமாட்டேன்," என்று சொல்லிவிட்டேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான். வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். காரில் ஏறும்போது பிரபாகரன் வழக்கமாகச் சொல்கிற, "மாத்திரைய மறக்காத, கதவ ரெண்டு தாப்பாளும் போடு," இரண்டையும் சொன்னான். யானையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கார் திரும்பியதும் பக்கிரிக்குப் போன் போட்டு, அச்சை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். "வெள்ளிக்கெழம சூளையில உன் யானைக்குன்னு எடம் வுட்டு வெச்சிருக்கேனே அக்கா," என்றான். வேறு எதையாவது ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். கரைந்தது, உடைந்தது, பாரதி தெரியாமல் உட்கார்ந்ததில் நொறுங்கியது எல்லாம் போகத் தொண்ணூற்றுநாலு யானை இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆக, அண்ணி, பார்த்தீர்களா? பிள்ளைகள் சமைத்தார்கள், கழுவினார்கள், சாக்கடை எடுத்தார்கள், என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள், நான் ஓய்வாக இருக்க வேண்டும் என்று தெய்வத்திடமே முறையிட்டார்கள். இதைவிட ஒரு தாயாருக்கு என்ன பெருமை வேண்டும்? மனசு நிறைந்திருக்கிறது. கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டேன். இனி எனக்கு ஒரு வேலையும் இல்லை. நீங்கள் ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறபடி வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பெண்ணாடம் வருகிறேன், பத்து நாள் தங்குகிறேன். வெள்ளிக்கிழமை இந்த ஊரில் இல்லாமல் இருப்பதே நல்லது. அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்கள் பேரப்பிள்ளைகள் படிப்பிலும் பசியிலும் குறைவில்லாமல் வளரட்டும். மாடு நன்றாகக் கறக்கட்டும். உங்களுக்கு நீண்ட ஆயுசும், காதுகுத்துக்குப் போகிற இடங்களில் கொஞ்சம் குறைந்த குரலும் கிடைக்கக் கொளஞ்சியப்பர் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி,
பெருமைக்குரிய இரண்டு பிள்ளைகளின் தாயார்,
அம்புஜவல்லி.

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. காலையில் இதைத் தபாலில் போடக் கிளம்பும் நேரம், வெண்பா அவள் அம்மா போனிலிருந்து கூப்பிட்டாள். பள்ளிக்கூட வேன் வருவதற்குள் சொல்ல வேண்டும் என்று அவசர அவசரமாகச் சொன்னாள். "ஆயா, அப்பா சொன்னத நான் எழுதல," என்றாள். பின்னே என்னடி எழுதினாய் என்று கேட்டேன். ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். 'கொளஞ்சியப்பர் அவர்களுக்கு, பிரபாகரன் ஆகிய நான் எழுதிக்கொள்ளும் பிராது. எங்கள் ஆயா அம்புஜவல்லி செய்த யானைகள் வெள்ளிக்கிழமை சூளையில் ஒன்றுகூட வெடிக்காமல் வேக வேண்டும். இதை யாராவது தடுத்தால் அவர்களை என்னவென்று கேட்கவும்.' சாமி விஷயத்தில் இப்படி ஏமாற்றலாமா, அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டேன். "படிச்சாரு ஆயா. ரெண்டு தடவ படிச்சாரு. அப்பறம் எங்கிட்ட பேனாவ வாங்கி, எங்கள் ஆயான்னு இருந்தத அடிச்சிட்டு, என் அம்மான்னு எழுதுனாரு. எழுதிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு. ஆயாகிட்ட சொல்லாதன்னாரு," என்றாள். அதற்குள் வேன் வந்துவிட்டது.

அவனும் என்னைப் போலத்தான் அண்ணி, வாயைத் திறந்து சொல்ல மாட்டான். கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன், உங்களிடம் சொல்வதில் வெட்கம் இல்லை. பிறகு பக்கிரிக்குப் போன் செய்து, என் இடத்தில் வேறு எதையாவது ஏற்றினால் நடப்பதே வேறு என்று சொல்லிவிட்டேன். அதனால் மேலே நான் எழுதிய ஓய்வு, பத்து நாள், காலை பஸ் எதையும் நம்ப வேண்டாம். வெள்ளிக்கிழமை நான் பெண்ணாடம் வருவதற்கில்லை, நீங்கள் இங்கே புறப்பட்டு வாருங்கள், சூளைக்கு ஏற்ற இரண்டு கை போதாது. கடிதத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருப்பது இன்று காலையில் புதிதாகக் கரைத்த மண், கோயில் திருநீறு என்று எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளாதீர்கள்.